95 டாலர் வாடகையில் 85.72 டாலரைக் கழித்த வழக்கு

1969 ஜூன் 30. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் கேம்டன் என்ற ஊர். அங்கே ஒரு வாடகை வீட்டில் குடியிருந்த பெண், ஜூலை மாத வாடகைக்காக வீட்டுக்காரருக்கு ஒரு காசோலையைத் தபாலில் அனுப்புகிறார். மாத வாடகை 95 டாலர். காசோலையில் இருந்ததோ 9.28 டாலர்தான். கூடவே ஒரு பிளம்பர் கொடுத்த ரசீதை இணைத்திருந்தார்: 85.72 டாலர். இரண்டையும் கூட்டினால் சரியாக 95.

அந்த உறைக்குள் இருந்த இரண்டு தாள்களும் பதினொரு மாதத்துக்குள் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் வரை போய்விட்டன. 1970 மே 18 அன்று தீர்ப்பு வந்தது. மரினி (வீட்டுக்காரர்) எதிர் அயர்லாண்டு (அந்தப் பெண்) என்ற பெயரில் அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் அதைப் பாடமாக நடத்துகிறார்கள். வாடகை வீட்டில் இருப்பவர்களும் வீட்டை வாடகைக்கு விடுபவர்களும் இந்த வழக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் நினைப்பதற்குக் காரணம் உண்டு. "ஹவுஸ் ஓனர் ரிப்பேரே பண்ண மாட்டேங்கிறார். நானே பண்ணிட்டு வாடகையில கழிச்சுக்கலாமா?" என்ற கேள்வி நம் ஊரிலும் ஓயாமல் எழுகிறது. கழிக்கலாம் என்று ஒருவர் சொல்வார். கழித்தால் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிடுவார்கள் என்று இன்னொருவர் சொல்வார். இருவருமே தொடாத கேள்வி ஒன்று இருக்கிறது: அந்த ரிப்பேர் யாருடைய பொறுப்பு? கேம்டன் வழக்கு முழுவதும் இந்த ஒரு கேள்வியின் மேல்தான் நிற்கிறது.

நடந்தது என்ன

1969 ஏப்ரலில் ஓராண்டு ஒப்பந்தத்தில் அந்தப் பெண் குடியேறினார். மாதம் 95, ஆண்டுக்கு 1,140 டாலர். ஜூன் 25 வாக்கில், டாய்லெட் பீங்கானில் விரிசல் விட்டுத் தண்ணீர் குளியலறைத் தரையில் கசிவதைப் பார்த்தார். வீட்டுக்காரருக்குச் சொல்லப் பலமுறை முயன்றும் முடியவில்லை என்பது அவர் தரப்பு. ஜூன் 27 அன்று பதிவு பெற்ற பிளம்பர் ஒருவரை அழைத்துச் சரிசெய்தார். கைக்காசு 85.72 டாலர் செலவானது. மூன்று நாள் கழித்து அந்தக் காசோலையை அனுப்பினார்.

அவர் செய்த காரியத்தின் ஒழுங்கைக் கொஞ்சம் கவனியுங்கள். பதிவு பெற்ற ஆளைத்தான் கூப்பிட்டார். ரசீது வாங்கினார். மீதி வாடகையை, வெறும் 9.28 டாலராக இருந்தாலும், மாதம் பிறக்கும் முன்பே அனுப்பினார். என்ன கழித்தேன், எதற்குக் கழித்தேன் என்பதைக் காசோலையோடு சேர்த்தே சொன்னார். கோபத்தில் வாடகையை நிறுத்திவிட்டு, கேட்டால் பார்த்துக்கொள்வோம் என்று இருக்கும் ஆள் செய்கிற வேலை இல்லை இது. பிற்பாடு நீதிமன்றம் வகுத்த நிபந்தனைகளைப் படித்தால், அவற்றில் பெரும்பாலானவற்றை அவர் முன்கூட்டியே நிறைவேற்றியிருந்தது தெரியும்.

வீட்டுக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. 85.72 டாலரைக் கொடு என்றார். அந்தப் பெண் மறுத்தார். வீட்டுக்காரர் நீதிமன்றம் போனார். கடன் பாக்கியை வசூலிக்கும் வழக்காக அவர் அதைப் போடவில்லை. வாடகை பாக்கி என்று சொல்லி, குடியிருப்பவரை வெளியேற்றும் விரைவு வழக்காகப் போட்டார். பாக்கி எவ்வளவு சின்னதாக இருந்தாலும் பாக்கி பாக்கிதான், வீட்டைக் காலி செய்ய வைக்க அது போதும் என்பது அந்த நடைமுறை.

1969 ஆகஸ்டில் மாவட்ட நீதிமன்றத்தில் விசாரணை வந்தது. வீட்டுக்காரரின் வாதம் எளிமையானது: ஒப்பந்தத்தில் நான் ரிப்பேர் செய்து தருவேன் என்று எங்குமே எழுதவில்லை. என் வேலையே இல்லாத ஒன்றைச் செய்துவிட்டு அதன் செலவை என் தலையில் கட்ட முடியாது. வெளியேற்ற வழக்கில் ரிப்பேர் யார் பொறுப்பு என்ற பேச்சே எழக்கூடாது என்று கீழ் நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. தீர்ப்பு வீட்டுக்காரர் பக்கம் போனது.

அதுவரை இருந்த சட்டம்

கீழ் நீதிமன்றம் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. இங்கிலாந்திலிருந்து வந்த பழைய சட்ட மரபு அப்படித்தான் இருந்தது. குத்தகை என்பது நிலத்தைக் குறிப்பிட்ட காலத்துக்கு விற்பது மாதிரி. வாங்குகிறவர் பார்த்து வாங்க வேண்டும். வாங்கிய பிறகு கூரை ஒழுகினால் அது அவர் பாடு. விவசாயக் குடும்பம் ஒன்று நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, அதில் இருக்கும் குடிசையைத் தானே வேய்ந்து வாழ்ந்த காலத்தில் இந்த விதி ஓரளவு பொருந்தியது. அடுக்குமாடிக் கட்டடத்தில் சுவருக்குள் ஓடும் குழாயைத் தொடக்கூட முடியாத நகரத்துக் குடித்தனக்காரருக்கு அது எந்த வகையிலும் பொருந்தவில்லை.

இன்னொரு விதியும் சேர்ந்து இருந்தது. வீட்டுக்காரர் கொடுத்த வாக்கும் குடியிருப்பவர் கொடுத்த வாக்கும் தனித்தனி. வீட்டுக்காரர் தன் வாக்கை மீறினாலும் நீ வாடகையை முழுசாகக் கட்டு, அப்புறம் தனியாக வழக்குப் போட்டுக்கொள் என்பார்கள். சாதாரண வியாபார ஒப்பந்தங்களில் இப்படி இல்லை. சரக்கு வராவிட்டால் காசு கொடுக்க வேண்டியதில்லை. வீட்டு வாடகைக்கு மட்டும் வேறு நியாயம்.

தப்பிக்க ஒரே ஒரு வழி இருந்தது. வீடு வாழவே முடியாத நிலைக்குப் போய்விட்டால், வீட்டுக்காரரே வெளியேற்றியதற்குச் சமம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பலாம். இதே நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் 1969-இல் ரெஸ்டே ரியால்ட்டி வழக்கில் அந்த வழியை அகலப்படுத்தியிருந்தது. ஹாக்கென்சாக் ஊரில் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்த அலுவலகத்துக்குள் மழை பெய்யும்போதெல்லாம் தண்ணீர் புகுந்தது. வாடகைக்கு இருந்தவர் காலி செய்துவிட்டுப் போனது சரிதான் என்று நீதிமன்றம் சொன்னது. ஆனால் அந்த உரிமையைப் பயன்படுத்த வேண்டுமானால் வெளியே போயாக வேண்டும். டாய்லெட் பீங்கானில் விரிசல் என்பதற்காக ஒரு குடும்பம் மூட்டை கட்டிக்கொண்டு எங்கே போகும்?

கேம்டனில் இது வெறும் வாய்ப்பேச்சுக் கேள்வி அல்ல. டெலவேர் ஆற்றின் இக்கரையில், பிலடெல்பியாவுக்கு எதிரே இருக்கும் தொழில் நகரம் அது. கேம்பெல் சூப் கம்பெனியும், ரேடியோவும் டிவியும் தயாரித்த ஆர்சிஏ கம்பெனியும் அங்கே பெரிய அளவில் வேலை கொடுத்தன. ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சோறு போட்ட கப்பல் கட்டும் தளம் 1967-இல் மூடப்பட்டிருந்தது. வசதியானவர்கள் புறநகர்களுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு மிஞ்சியது பழைய வாடகை வீடுகள்தான். வீடுகளுக்கே தட்டுப்பாடு இருக்கும்போது, பிடிக்கவில்லை என்றால் காலி செய் என்பது தீர்வே அல்ல என்று உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பில் வெளிப்படையாகவே குறிப்பிட்டது.

வழக்கின் நுட்பமான முடிச்சு

இந்த வழக்கில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, பலர் தாண்டிப் போய்விடும் நடைமுறைக் கேள்விதான். வெளியேற்ற விரைவு வழக்கில் கீழ் நீதிமன்றத்தின் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய அந்த மாநிலச் சட்டம் ஒரே ஒரு காரணத்தைத்தான் அனுமதித்தது: அந்த நீதிமன்றத்துக்கு வழக்கை விசாரிக்கவே அதிகாரம் இல்லை என்று காட்ட வேண்டும். தீர்ப்பு தவறு என்று சொல்வது போதாது. வாடகைக்கு இருப்பவருக்கு இது கிட்டத்தட்ட மூடிய கதவு.

உச்ச நீதிமன்றம் அந்தக் கதவை எப்படித் திறந்தது என்று பாருங்கள். வெளியேற்ற உத்தரவு போடும் அதிகாரம் கீழ் நீதிமன்றத்துக்கு எப்போது வருகிறது? வாடகை பாக்கி இருக்கும்போது. பாக்கி என்றால் எது? வீட்டுக்காரர் பாக்கி என்று சொல்லும் தொகை அல்ல, சட்டப்படி கொடுபட வேண்டிய தொகை. ரிப்பேர் செலவைக் கழிக்கும் உரிமை அந்தப் பெண்ணுக்கு உண்டென்றால், 95 டாலரில் அவர் கொடுக்க வேண்டியிருந்தது 9.28 மட்டும்தான். அதைத்தான் கொடுத்துவிட்டாரே. அப்படியானால் பாக்கியே இல்லை. பாக்கி இல்லையென்றால் வெளியேற்ற அதிகாரமும் இல்லை. ஆகவே, கழிக்கும் உரிமை உண்டா என்பதை விசாரிக்காமல் தனக்கு அதிகாரம் உண்டு என்றே கீழ் நீதிமன்றம் சொல்லிவிட முடியாது.

வாடகையில் கழித்துக்கொண்ட யாருக்கும் இதுதான் அடிப்படையான கேடயம். "நான் வாடகை கட்டவில்லை, ஆனால் அதற்குக் காரணம் இருக்கிறது" என்று சொல்வது ஒன்று. "நான் கட்ட வேண்டியதைக் கட்டிவிட்டேன்" என்று சொல்வது முற்றிலும் வேறு. முதலாவதில் நீங்கள் இரக்கத்தைக் கேட்டு நிற்கிறீர்கள். இரண்டாவதில் கணக்கைக் காட்டுகிறீர்கள்.

பொறுப்பு எங்கிருந்து வந்தது

சரி, அந்தக் கணக்கு செல்லுமா? ஒப்பந்தத்தில் ரிப்பேர் பற்றி எழுதவில்லை என்ற வீட்டுக்காரரின் வாதத்துக்கு நீதிமன்றம் நேராகப் பதில் சொன்னது. எழுதாவிட்டாலும், ஒப்பந்தத்தின் நோக்கம் நிறைவேற இன்றியமையாத வாக்குறுதி அதற்குள் அடங்கியே இருக்கிறது. இந்த வீட்டை எதற்காக வாடகைக்கு விட்டார்கள்? குடியிருப்பதற்காக. குடியிருக்க இன்றியமையாத வசதிகள் வாடகைக்கு விடும் நாளில் மறைந்த குறையில்லாமல் இருக்கும், ஒப்பந்தக் காலம் முழுவதும் வாழத்தக்க நிலையில் வைத்திருக்கப்படும் என்பது வீட்டுக்காரரின் வாக்கு. வழக்கமான பயன்பாட்டில் தேய்ந்து பழுதானால் அவர்தான் சரிசெய்ய வேண்டும். குடியிருப்பவர் வேண்டுமென்றே உடைத்தாலோ முறைகேடாகப் பயன்படுத்திக் கெடுத்தாலோ, அது குடியிருப்பவர் பொறுப்பு.

அடுத்தது, இரு தரப்பு வாக்குகளும் தனித்தனி அல்ல, ஒன்றை ஒன்று சார்ந்தவை என்றது. வீட்டுக்காரர் தன் வாக்கைக் காப்பாற்றவில்லை என்றால் குடியிருப்பவருக்கு இரண்டு வழி உண்டு. பழைய வழியில் காலி செய்துவிட்டுப் போகலாம். அல்லது, தானே சரிசெய்து செலவை வரப்போகும் வாடகையில் கழித்துக்கொள்ளலாம்.

இந்த இரண்டாவது வழிக்கு நீதிமன்றம் போட்ட வேலிகளும் முக்கியம். பழுதை வீட்டுக்காரருக்கு உரிய நேரத்தில், போதுமான அளவில் தெரிவிக்க வேண்டும். சரிசெய்ய நியாயமான அவகாசம் கொடுக்க வேண்டும். நியாயமான முயற்சி எடுத்தும் தெரிவிக்க முடியவில்லை என்றால் தெரிவிக்காமலேயே வேலையைத் தொடங்கலாம். பழுது, குடியிருக்க இன்றியமையாத வசதியைப் பற்றியதாக இருக்க வேண்டும். செலவும் நியாயமாக, வாடகை உரிமையின் மதிப்புக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும். இது வாடகையே கட்டாமல் இருப்பதற்கான அனுமதி அல்ல என்பதையும் தீர்ப்பு தெளிவாகச் சொல்கிறது.

ஜூன் 25-க்குப் பார்த்தது, 27-க்குச் சரிசெய்தது. இடையில் இரண்டே நாள். நியாயமான அவகாசம் என்பது இவ்வளவுதானா என்று வீட்டுக்காரர்கள் கேட்கலாம். எந்தப் பழுது என்பதைப் பொறுத்துத்தான் அதற்குப் பதில். சுவரில் பெயின்ட் உரிந்திருந்தால் இரண்டு மாதம்கூடப் பொறுக்கலாம். டாய்லெட்டிலிருந்து வழியும் தண்ணீர் குளியலறைத் தரையில் தேங்கும் வீட்டில் இரண்டு நாள் என்பதே நீண்ட காலம். காலண்டரை மட்டும் வைத்து அவகாசத்தை அளக்கக்கூடாது என்பது என் எண்ணம். பொறுத்திருக்கும் ஒவ்வொரு நாளும் அந்த வீட்டில் இருப்பவர்களுக்கும் கட்டடத்துக்கும் என்ன ஆகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். அந்தக் கசிவு அப்படியே விடப்பட்டிருந்தால் கீழ்த்தளத்துக் கூரைக்கும் சேர்த்து வீட்டுக்காரருக்கே செலவு வந்திருக்கும்.

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். இந்தத் தீர்ப்பு அந்தப் பெண் கழித்தது சரி என்று முடிவு கட்டவில்லை. அவருக்கு அந்த வாதத்தை வைக்கும் உரிமை உண்டு என்று சொல்லி, கீழ் நீதிமன்றத்தின் தீர்ப்பை ரத்து செய்து, வழக்கைத் திருப்பி அனுப்பியது. பழுது எப்படி வந்தது, தெரிவிக்க உண்மையிலேயே முயன்றாரா, செலவு நியாயமா என்பதெல்லாம் சாட்சியம் வைத்து விசாரிக்க வேண்டிய விஷயங்கள். அந்த மாநிலத்தில் இப்போது வாடகைதாரர் இப்படி ஒரு வாதத்தை வைத்தால் நடக்கும் விசாரணைக்கே மரினி விசாரணை என்று பெயர் நிலைத்துவிட்டது. கட்டாமல் வைத்திருக்கும் வாடகையை நீதிமன்றத்தில் செலுத்திவிட்டு வாதாட வேண்டும் என்பது அங்கே நடைமுறை. காசு கையில் இல்லாமல் வீட்டின் குறையைப் பேசி நாளைக் கடத்துகிறார் என்ற சந்தேகத்துக்கு அப்போது இடமில்லை.

அதே மாதம், அதே திசை

1970 மே 7 அன்று, கேம்டன் தீர்ப்புக்குப் பதினொரு நாள் முன்னால், வாஷிங்டன் டிசி மேல்முறையீட்டு நீதிமன்றம் ஜேவின்ஸ் வழக்கில் ஏறக்குறைய இதையே சொன்னது. நீதிபதி ஸ்கெல்லி ரைட் எழுதிய அந்தத் தீர்ப்புதான் நாடு முழுவதும் அதிகமாக மேற்கோள் காட்டப்படுகிறது. அது வாடகை முழுவதையும் நிறுத்தி வைத்தவர்களின் வழக்கு. கேம்டன் வழக்கு அளவில் சிறியது. ஆனால் சாதாரண மனிதர் ஒருவர் நாளைக் காலையில் செய்யக்கூடிய காரியம் அதில்தான் இருக்கிறது. ஒரு பிளம்பர், ஒரு ரசீது, ஒரு கழித்தல் கணக்கு.

கலிபோர்னியா சிவில் சட்டத்தொகுப்பில் 19-ஆம் நூற்றாண்டிலேயே இந்த உரிமை எழுதப்பட்டிருந்தது. ஒரு மாத வாடகைக்கு மேல் கழிக்க முடியாது என்ற உச்சவரம்பு இன்றும் அங்கே இருக்கிறது. பன்னிரண்டு மாதத்தில் இரண்டு தடவைக்கு மேலும் முடியாது. இங்கிலாந்தில் 1971-இல் லீ-பார்க்கர் வழக்கில், வீட்டுக்காரர் ரிப்பேர் வாக்கை மீறியிருந்தால் வாடகைதாரர் தானே செலவழித்து வாடகையிலிருந்து ஈடு செய்துகொள்ளலாம் என்று நீதிபதி காஃப் உறுதி செய்தார். இங்கேயும் கவனிக்க வேண்டியது அந்த நிபந்தனைதான்: ரிப்பேர் பொறுப்பு வீட்டுக்காரர் மேல் இருந்தால் மட்டுமே.

கழித்த பிறகு என்ன ஆகும் என்பது தனிப் பிரச்சினை. நீதிமன்றத்தில் ஜெயித்தாலும், ஒப்பந்தம் முடியும் நாளில் அதைப் புதுப்பித்துத் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டால் போச்சு. நியூ ஜெர்சி இதைப் புரிந்துகொண்டது. 1974-இல் வந்த சட்டம், தகுந்த காரணம் இல்லாமல் குடியிருப்பவரை வெளியேற்றுவதையும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுப்பதையும் தடுத்தது. அந்தப் பாதுகாப்பு இல்லாத இடத்தில் கழிக்கும் உரிமை பாதி உரிமைதான். நம் ஊரின் பதினொரு மாத ஒப்பந்தத்தை நினைத்தால் இந்த வித்தியாசம் உறைக்கும்.

அதே ரசீது சென்னைக்கு வந்தால்

1970-இல் நியூ ஜெர்சி நீதிமன்றம் தேடிக் கொடுத்த உரிமை, இந்தியச் சட்டப் புத்தகத்தில் 88 ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது என்பது பலருக்கும் தெரியாது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 108, உட்பிரிவு எஃப். தான் செய்யக் கடமைப்பட்ட பழுதுபார்ப்பை, அறிவிப்பு கொடுத்து நியாயமான காலம் ஆன பிறகும் வீட்டுக்காரர் செய்யவில்லை என்றால், குடியிருப்பவர் தானே செய்துகொண்டு செலவை வட்டியோடு வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்கிறது அது. வட்டியோடு! கேம்டன் தீர்ப்பில்கூட வட்டியைப் பற்றிய பேச்சு இல்லை.

இவ்வளவு தாராளமான விதி ஏன் நடைமுறையில் கைகொடுக்கவில்லை? "தான் செய்யக் கடமைப்பட்ட" என்ற சொற்களில்தான் சிக்கல். அதே பிரிவு 108-இல் வீட்டுக்காரரின் கடமைகளைப் படித்துப் பாருங்கள். மறைந்த குறைகளைச் சொல்ல வேண்டும், சொத்தை ஒப்படைக்க வேண்டும், நிம்மதியாக அனுபவிக்க விட வேண்டும். ரிப்பேர் செய்து தர வேண்டும் என்ற பொதுக் கடமை அதில் இல்லை. ஆக, ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் கடமை. எழுதாவிட்டால் கேம்டன் வீட்டுக்காரர் சொன்ன அதே பதில் இங்கேயும் செல்லும். போதாக்குறைக்கு அந்தப் பிரிவு முழுவதுமே, ஒப்பந்தமோ உள்ளூர் வழக்கமோ வேறாக இல்லாதபோதுதான் பொருந்தும். கழிக்கும் உரிமையை நமக்கு 1882 கொடுத்துவிட்டது. அது நிற்பதற்கான கடமையைக் கொடுக்கவில்லை. நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் முதலில் கடமையை நிலைநாட்டிவிட்டு அதன் மேல் உரிமையை வைத்தது. சட்டம் படிக்காதவர்களுக்கும் இந்த வரிசை புரிந்தாக வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

தமிழ்நாட்டின் 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்திலும் ஒரு வழி இருந்தது. அறிவிப்பு கொடுத்தும் வீட்டுக்காரர் சரிசெய்யவில்லை என்றால், வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் மனு போட வேண்டும். அவர் விசாரித்து உத்தரவு போட்டால் குடியிருப்பவர் செய்துகொண்டு கழிக்கலாம். ஆண்டுக்கு, அந்த ஆண்டு வாடகையில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் உச்சவரம்பு. கேம்டன் ரசீதை இதில் பொருத்தினால், ஆண்டு வரம்பு 95 டாலர். 85.72 அதற்குள் அடங்கிவிடும். ஆனால் தரையில் தண்ணீர் நிற்க நிற்க மனு போட்டு உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டும். உத்தரவு வாங்காமல் தானாகக் கழித்துக்கொண்டவர்கள் மேல் வேண்டுமென்றே வாடகை பாக்கி வைத்தார்கள் என்ற குற்றச்சாட்டு பாய வழி இருந்தது. வெளியேற்ற அந்தச் சட்டத்தில் அது ஒரு முதன்மைக் காரணம்.

2019 பிப்ரவரி 22 முதல் அந்தப் பழைய சட்டத்தின் இடத்தில், தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்கள் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குபடுத்தும் சட்டம், 2017 நடைமுறையில் இருக்கிறது. இதன் பிரிவு 15 கேம்டன் தீர்ப்போடு சேர்த்துப் படிக்க வேண்டிய ஒன்று. எந்தப் பழுது யார் பொறுப்பு என்பதை இரண்டாவது அட்டவணையில் பட்டியலாகவே போட்டுவிட்டார்கள். 1882-இல் விட்டுப்போன துண்டு இதுதான். கட்டடத்தின் கட்டமைப்பு சார்ந்த பழுதுகள், சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், தேவைப்படும்போது குழாய்களை மாற்றுவது, உள்ளும் வெளியும் மின்வயரிங், இவை வீட்டுக்காரர் பொறுப்பு. அவர் மறுத்தால் குடியிருப்பவர் செய்துகொண்டு வாடகையில் கழிக்கலாம். எந்த மாதத்திலும் அந்த மாத வாடகையில் பாதிக்கு மேல் கழிக்கக்கூடாது. அதிகாரியிடம் முன்அனுமதி வாங்க வேண்டும் என்ற பழைய நிபந்தனை அந்த உட்பிரிவில் இல்லை. வீடு வாழவே தகுதியற்றுப் போய், எழுத்தில் கேட்டும் வீட்டுக்காரர் மறுத்தால், பதினைந்து நாள் அறிவிப்பு கொடுத்துவிட்டுக் காலி செய்யும் உரிமையும் உண்டு.

கேம்டன் பெண் இன்று சென்னையில் இருந்திருந்தால், 85.72-ஐ ஒரே மாதத்தில் கழித்திருக்க முடியாது. ஜூலையில் 47.50, ஆகஸ்டில் மீதி 38.22 என்று பிரித்துத்தான் கழிக்க வேண்டும். இந்தப் பாதி வரம்பு எனக்கு நியாயமாகவே படுகிறது. வாடகை வருமானத்தை மட்டும் நம்பி வாழும் ஓய்வுபெற்றவர்கள் நம் ஊர் வீட்டுக்காரர்களில் ஏராளம். ஒரு மாதம் முழு வருமானமும் நின்றுபோனால் அவர்கள் தடுமாறிவிடுவார்கள்.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு பெரிய முட்டுக்கட்டை வருகிறது. அதே அட்டவணையின் குடியிருப்பவர் பகுதியைப் படியுங்கள். டேப் வாஷர், டேப் மாற்றுவது, சாக்கடை அடைப்பு எடுப்பது, வாஷ்பேசின் பழுது, கீசர் பழுது, ஸ்விட்ச், சாக்கெட், உடைந்த ஜன்னல் கண்ணாடி. இவற்றின் நடுவே டாய்லெட் பழுதும் இருக்கிறது. அதாவது, நியூ ஜெர்சியில் வீட்டுக்காரர் பொறுப்பு என்று ஒரு வழக்கையே திருப்பிப்போட்ட அதே விரிசல், சென்னையில் குடியிருப்பவர் தலையிலேயே விழக்கூடும். ஃப்ளஷ் டேங்க்கின் உள்பாகம் போனால் குடியிருப்பவர் செய்துகொள்வது சரி. இருபது வருஷத்துப் பீங்கான் தானாக விரிசல் விட்டு, முழுசாக மாற்ற வேண்டி வந்தால் அதையும் பழுது என்ற பெயரில் குடியிருப்பவர் தலையில் வைப்பது நியாயமல்ல என்றே நான் கருதுகிறேன். விரிசல் பீங்கானில் இல்லாமல் அதற்குப் போகும் குழாயில் இருந்தால் அது வீட்டுக்காரர் கணக்கு. ஆகவே, வந்து பார்க்கும் பிளம்பர் ரசீதில் என்ன எழுதுகிறார் என்பது இங்கே வழக்கையே தீர்மானிக்கலாம். "டாய்லெட் வேலை, ரூபாய் இவ்வளவு" என்று மொத்தமாக எழுதித் தரும் ரசீது உங்களுக்கு உதவாது. எந்த இடத்தில் என்ன பழுது, ஏன் வந்தது, எதை மாற்றினார் என்று தனித்தனியாக எழுதி வாங்க வேண்டும். வேலை தொடங்கும் முன்பே படமும் எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றிய பிறகு பழைய பீங்கானை யாரும் வைத்துக்கொண்டிருக்கப் போவதில்லை.

தெரிவிப்பதும் அப்படித்தான். படிக்கட்டில் பார்த்தபோது "அண்ணே, பாத்ரூம்ல ஒழுகுது, கொஞ்சம் பாருங்க" என்று சொல்வது உறவுக்கு நல்லது. சொல்லுங்கள். அன்று இரவே அதையே எழுத்தில், தேதியோடு, படத்தோடு அனுப்பியும் விடுங்கள். எத்தனை நாளில் செய்து தர முடியும் என்று கேளுங்கள். அதற்குள் ஆகவில்லை என்றால் நானே செய்துகொண்டு வாடகையில் இவ்வளவு கழிப்பேன் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். கழித்த மாதம், மீதி வாடகையைத் தேதி தவறாமல் வங்கி வழியாகக் கட்டுங்கள். "அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க" என்று வீட்டுக்காரர் சொன்னால் அதையும் எழுத்தில் வாங்குங்கள். அட்வான்ஸ் அவர் கையில் இருக்கும் பணம். காலி செய்யும் நாளில் அந்தப் பேச்சு அவருக்கு நினைவிருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

பிரிவு 15 கழிக்க அனுமதிப்பது, அட்டவணையில் வீட்டுக்காரர் பகுதியில் உள்ள பழுதுகளை மட்டுமல்ல, இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பழுதுகளையும் சேர்த்துத்தான். டாய்லெட் பீங்கான், மோட்டார், தண்ணீர்த் தொட்டி, மாடித் தளத்தின் நீர்க்கசிவு, இவற்றையெல்லாம் யார் பார்த்துக்கொள்வது, சொன்ன பிறகு எத்தனை நாளில் என்பதை ஒப்பந்தம் போடும் நாளிலேயே இரண்டு வரியில் எழுதிக்கொள்ளலாம். அந்த ஒப்பந்தத்தை வாடகை ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். சாவி கை மாறும் முன்பு வீட்டுக்காரரிடம் இதைக் கேட்பது கொஞ்சம் கூச்சமாக இருக்கும். அந்த நேரத்தில்தான் இருவருமே நல்ல மனநிலையில் இருப்பார்கள். தண்ணீர் தரையில் நிற்கும்போது எழுதச் சொன்னால் யாரும் எழுதித் தர மாட்டார்கள்.